ஆடியது லென்ஸ் அல்ல, என் கை

வேடந்தாங்கலில் ஒரு காலை முழுவதும் மஞ்சள் மூக்கு நாரைகளைப் படமெடுத்தேன். வீட்டில் கணினியில் திறந்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. லென்ஸைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அது நிரபராதி.

படத்தை 100 சதவீத அளவில் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நாரையின் கண், அலகு, பின்னாலிருந்த கிளை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தன. ஃபோகஸ் தவறியிருந்தால் வேறெதாவது ஓரிடம் துல்லியமாக இருந்திருக்கும். பறவை அசைந்திருந்தால் பறவை மட்டும் கலங்கியிருக்கும். 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு 1/160 நொடியில் எடுத்திருக்கிறேன்! கையில் பிடித்து எடுத்தால், 300 மி.மீ. லென்ஸுக்கு 1/300 நொடியாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் சிறியது, அதற்காக 1.5 மடங்கு கணக்கிட்டால் 1/450 நொடியாவது வேண்டும்.

அடுத்த முறை 1/1000 நொடி வைத்தேன், பறக்கும்போது 1/2000. நேரம் குறைந்ததால் வெளிச்சமும் குறைந்தது, அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 1600 வரை ஏறியது. அதனால் படத்தில் புள்ளிகள் வந்தன, வரட்டும். அவற்றைக் குறைத்துவிடலாம், கை ஆட்டத்தை அவ்வளவு எளிதில் துடைக்க முடியாது.

எடிட்டிங்கில் முதலில் புள்ளி நீக்கம், பிறகு கூர்மை. அதையும் மாஸ்க் போட்டு, அதாவது மற்ற இடங்களை மறைத்து, கண்ணுக்கும் இறகுக்கும் மட்டும் கொடுத்தேன். வானத்துக்கும் கொடுத்தால் மணல் தூவியதுபோல் ஆகிவிடுகிறது. இப்போது நாரையின் கண்ணுக்குள் சூரியன் கடுகளவு தெரிகிறது.