பிராசசர் சூடாகிறதா? புதுக் கூலர் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் சூடாகிறது என்றதும் பலரும் பெரிய கூலராகத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, கூலரிலேயே குறை இருப்பது குறைவு, அதை மாட்டிய விதத்தில்தான் பெரும்பாலும் தவறு இருக்கும்.

முதலில் கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு, பிராசசரே கெட்டுவிட்டது என்று பயந்துபோனவர்கள் உண்டு.

அப்புறம் தெர்மல் பேஸ்ட், அதாவது பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் பசை. பேஸ்ட்தான் குளிர்விக்கிறது என்று நினைத்து அள்ளிப் பூசுகிறார்கள், அது அப்படி இல்லை. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 400 என்றால் நல்ல பேஸ்டுக்கே 10 பக்கம்தான் வரும், காற்றுக்கோ 0.03 கூட இல்லை. எனவே இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே பேஸ்டின் வேலை, அதற்கு மேல் தடிமனாக இருந்தால் அதுவே தடையாகிவிடும். சாதாரண டெஸ்க்டாப் பிராசசருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரை ஒருமுறை தூக்கிவிட்டால் பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பக்கம் தெரியாமல் போகாதீர்கள், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் ஒரு சொட்டு மதர்போர்டில் சிந்தினாலே ஆபத்து.

ஸ்க்ரூக்களை ஒரே பக்கமாக முழுக்க முறுக்காமல், குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கழற்றும்போது இன்னும் கவனம் தேவை. ஏஎம்டி பிராசசர்களை மாட்டும் ஏஎம்4 சாக்கெட்டில் காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டால், நேராக மேலே இழுக்கும்போது பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள பின்கள் வளைந்துவிடும். சில நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பவர் வயரையும் கழற்றிவிட்டு, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

ஃபேன் திசையும் பலர் கவனிக்காதது. சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் பொதுவாகக் காற்று வெளியே போகும். முன்னால் உள்ளே, பின்னாலும் மேலும் வெளியே என்று வைத்தால் சரி. திரவத்தைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் வாட்டர் கூலர் என்றால் பம்ப் மொத்த அமைப்பின் உச்சியில் இருக்கக்கூடாது, உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் அங்கே போய்த் தங்கிவிடும். தூசி ஊதும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள்.

கடைசியாக, வெப்பநிலை எண்ணைப் பார்த்துப் பதறுவதும் ஒரு தவறுதான். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல பிராசசர்கள் கடும் வேலையின்போது 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. வீடியோ ரெண்டர் ஆகும்போது 90 காட்டினால் விடுங்கள். எந்த வேலையும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே 70ஐத் தாண்டி நிற்கிறதென்றால், கேபினட்டைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் தாளிலிருந்து ஆரம்பியுங்கள்.