தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டதா? தோலைக் கவனிக்க ஆரம்பியுங்கள்

எங்கள் வீட்டில் குளிர்காலம் காலண்டரைப் பார்த்து வராது, குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பார்த்துத்தான் வரும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காயெண்ணெய் உறைய ஆரம்பிக்கும். ஓசூரில் கார்த்திகை பிறந்ததுமே பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கட்டி தெரியும், மார்கழியில் முழுசும் கல்லாகிவிடும். காலையில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டும்போதே புரிந்துவிடும், இன்னும் ஒரு வாரத்தில் முன்னங்கால் சாம்பல் பூசின மாதிரி வெளுக்கப்போகிறது என்று. பாலக்கோட்டில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அந்த வெளுத்த காலில் நகத்தால் பெயர் எழுதி விளையாடியிருக்கிறோம். விளையாட்டாகத்தான் இருந்தது, முப்பது வயதுக்கு மேல் அதே கால் ராத்திரி பூராவும் அரித்துத் தூங்கவிடாமல் செய்யும்வரை.

பல வருஷம் நான் செய்தது இதுதான். காலையில் கொதிக்கக் கொதிக்க சுடுதண்ணீரில் குளிப்பது, நன்றாகத் துவட்டுவது, வேலைக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் அரிப்பு தாங்காமல் காய்ந்த காலில் எண்ணெயை எடுத்துத் தேய்ப்பது. ஒரு மணி நேரம் மினுமினுப்பாக இருக்கும். அப்புறம் பழைய கதைதான். எண்ணெய் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். தப்பு எண்ணெயின் அளவில் இல்லை, பூசிய நேரத்தில் இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செத்துத் தட்டையாகிப்போன செல்கள்தான் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் சாந்து. சாந்து சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது. சோப்பும் சூடான தண்ணீரும் சாந்தைக் கரைத்துவிட்டால் சந்து வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், செங்கல் சுருங்கி ஓரம் தூக்கும், அதுதான் நமக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, தோல் காய்கிறது என்றால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் போன பிறகு மேலே எண்ணெய் பூசுவது காலிக் குடத்துக்கு மூடி போடுகிற வேலை.

இங்கே ஒருவர் கேட்பார், மார்கழியில் சூளகிரிப் பக்கம் எதிரே வரும் லாரி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், காற்றெல்லாம் ஈரம், பிறகு எப்படித் தோல் காயும்? நானும் தினம் பைக்கில் அந்தப் பனிக்குள் போய்க்கொண்டே இதை யோசித்திருக்கிறேன். குளிர்ந்த காற்றால் தண்ணீரை நிறையச் சுமக்க முடியாது. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 13 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும், 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். காலையில் 13 கிராமோடு நிரம்பி வழியும் அதே காற்று மதியம் வெயில் ஏறிச் சூடானதும் பாதி காலியாகிவிடுகிறது, அந்தப் பாதியை நிரப்ப எங்கே ஈரம் கிடைத்தாலும் உறிஞ்சும். துணி மதியத்தில் சீக்கிரம் காய்வதும் இதனால்தான், உங்கள் உதடு காய்வதும் இதனால்தான். தை மாதம் மழை சுத்தமாக நின்று, காற்று வீச ஆரம்பித்ததும் இன்னும் மோசம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் வேலை குளியலறையில்.

சுடுதண்ணீரை விட்டுவிடுங்கள் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யாரும் கேட்கப் போவதில்லை, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொன்னால் அடிக்கவே வருவார்கள். வெதுவெதுப்பாகக் குளியுங்கள், அவ்வளவுதான். குழந்தைக்கு ஊற்றும் தண்ணீரை முழங்கையில் தொட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு போதும். குளித்து முடித்ததும் தோல் சிவந்திருந்தாலோ உடம்பிலிருந்து ஆவி பறந்தாலோ சூடு அதிகம். பத்து நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் பாதத்துக்கும் போதும். முன்னங்காலிலும் கையிலும் தினமும் தேய்த்துத் தீர வேண்டிய அழுக்கு எதுவும் அங்கே இல்லை, வயலிலோ ஒர்க்‌ஷாப்பிலோ வேலை செய்கிறவர்களைத் தவிர. தோலின் மேற்பரப்பு கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது, பி.எச். கணக்கில் 5 பக்கம் (7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்). சாதாரண சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். உறையின் பின்பக்கம் டி.எஃப்.எம். (TFM), அதாவது சோப்பில் இருக்கும் மொத்தக் கொழுப்பின் அளவு, என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள், 76-ம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரச் சோப்பு, குளிர்காலத்தில் குறைந்தபட்சம் அதையாவது வாங்குங்கள். போர் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று மேலும் மேலும் தேய்ப்போம், கடைசியில் பக்கெட் விளிம்பில் ஒட்டுகிற அதே வெள்ளைப் பிசுக்கு நம் தோலிலும் ஒட்டியிருக்கும். சோப்பைக் குறைத்து, தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி அலசுவதுதான் வழி. பீர்க்கங்காய் நாரை மாசி வரைக்கும் பரணில் போட்டு வையுங்கள்.

இப்போது முக்கியமான இடம். குளித்துவிட்டு வெளியே வந்து, துண்டால் ஒத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் தொட்டால் ஈரமாக இருக்கிற பதத்தில், மூன்று நிமிஷத்துக்குள், எதையாவது பூசிவிடுங்கள். எதைப் பூசுவது என்பதைவிட இந்த மூன்று நிமிஷம் பெரிய விஷயம். நான் பாட்டிலைப் படுக்கையறை அலமாரியிலிருந்து எடுத்துக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன், அந்த ஒரு மாற்றத்திலேயே பத்து நாளில் காலில் பாதி வெளுப்பு போயிற்று. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடுவார்களே, நினைத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவியில் நிற்கிறோம், சுடுதண்ணீரும் இல்லை, பலபேர் சோப்பும் போடுவதில்லை. வெளியே வரும்போது மெல்லிசாக ஒரு எண்ணெய்ப் படலம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ரெண்டு நாளைக்குத் தோல் வழவழவென்று இருக்கும். நான் சொல்ல வருவதை அந்த அருவி ஏற்கெனவே செய்து காட்டுகிறது. வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் நாம் செய்வது நேர்மாறு, சீயக்காயை உச்சி முதல் பாதம் வரை போட்டுக் கறகறவென்று எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம். சீயக்காய் தலைக்கு மட்டும் போதும். உடம்பில் மிச்சமிருக்கும் எண்ணெய் இருந்துவிட்டுப் போகட்டும், தரை வழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைப் பூசலாம்? கடையில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். கிளிசரின், யூரியா மாதிரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்பவை, எண்ணெய்கள் மாதிரி சுரசுரப்பை நிரப்புபவை, பெட்ரோலியம் ஜெல்லி மாதிரி மேலே மூடி போடுபவை. லோஷன் என்றால் பெரும்பாலும் தண்ணீர், பூச லேசாக இருக்கும், சீக்கிரம் போய்விடும். கிரீம் அதைவிடக் கெட்டி. ரொம்ப வறண்ட தோலுக்கு லோஷனை நம்பாதீர்கள். ஆறு மாசம் விளம்பரம் பார்த்து வாங்கிய வாசனை லோஷன்கள் எனக்குச் செய்யாததை மருந்துக் கடையில் வாசனையே இல்லாமல் கிடைக்கும் பாரஃபின் கிரீம் செய்தது. வாசனை சேர்த்தது சில பேருக்கு அரிப்பைக் கூட்டவும் செய்யும்.

ஒரு ஆள் உடம்பு முழுக்க ஒரு தடவை சரியாகப் பூச 30 கிராம் அளவுக்குத் தேவைப்படும். கணக்குப் போட்டால் 100 மில்லி பாட்டில் மூன்று நாள்தான். அதனால் விலை உயர்ந்ததை வாங்கிச் சொட்டுச் சொட்டாக வைப்பதைவிட மலிவானதை வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். காலுக்கும் கைக்கும் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி. ஈரம் ஆவியாவதைத் தடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. பிசுபிசுப்புதான் குறை, கடலைப் பருப்பு அளவு எடுத்து ஈரக் கையில் தேய்த்துப் பரப்பினால் அதுவும் அவ்வளவாகத் தெரியாது. தேங்காயெண்ணெயும் நல்லதுதான், உறைந்திருந்தால் பாட்டிலை அடுப்பில் காட்டாமல் குளிக்கும் சுடுதண்ணீர் பக்கெட்டில் ரெண்டு நிமிஷம் போட்டு வையுங்கள். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம், அந்தச் சாந்தையே இளக வைக்கக் கூடியவை, குழந்தைகளுக்குக் கண்டிப்பாக வேண்டாம். கிளிசரினை அப்படியே பூசாதீர்கள், எரியும். ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு பன்னீர் கலந்து, அது காய்வதற்குள் மேலே ஒரு கை எண்ணெய்.

பாரஃபின், பெட்ரோலியம் ஜெல்லி பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஊறின துணியில் தீ சட்டென்று பற்றும். நம் ஊரில் விடிகாலையில் தெருமுனையில் டயரையும் சருகையும் கொளுத்திச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வது வழக்கம். காலில் கிரீமும் மேலே லுங்கியுமாக அந்தத் தீக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தீயின் சூடே தோலை இன்னும் காய வைக்கும் என்பது தனி.

கைக்கு வருவோம். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும், ராயக்கோட்டை, கேளமங்கலம் பக்கம் பனியில் பூப்பறிக்கிறவர்களுக்கும் விரல் மடிப்புகளில்தான் முதலில் வெடிக்கும். ஒவ்வொரு தடவை தண்ணீரில் கை வைத்து எடுத்ததும் முந்தானையில் துடைத்துவிட்டு அரிசி அளவு ஜெல்லி, அவ்வளவுதான். அடுப்படியிலேயே ஒரு சின்ன டப்பா இருந்தால்தான் இது நடக்கும், எழுந்து போய் எடுக்க வேண்டுமென்றால் யாரும் செய்யமாட்டார்கள். ராகிக் களி கிளறிவிட்டுக் கையில் ஒட்டினதைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவாமல் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன். கேட்டது மாதிரி தலையாட்டினார்.

உதட்டை நக்காதீர்கள். எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும். படுக்கும்போது நெய்யோ ஜெல்லியோ தடவுங்கள்.

குதிகாலில் வருவதைப் பித்த வெடிப்பு என்கிறோம், பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தடித்துக் காய்ந்த தோல் மேல் உடம்பின் எடை இறங்கும்போது ஓரம் பிளக்கிறது, பின்பக்கம் திறந்த செருப்பு அதைக் கூட்டுகிறது. ராத்திரி பத்துப் பதினைந்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊற வைத்து, வாரத்துக்கு ரெண்டு தடவை மட்டும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஒத்தி எடுத்துவிட்டு யூரியா கிரீம் பூசிப் பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். 10 சதவீத யூரியா சாதாரண வறட்சிக்கு, தடித்துப்போன குதிகாலுக்கு 20, 25 கேளுங்கள். வெடிப்பு ஆழமாகி ரத்தம் எட்டிப் பார்த்தால் யூரியா எரியும், அது ஆறும்வரை ஜெல்லி போதும். யூரியா என்றதும் எங்கள் சித்தப்பா வயலுக்கு வாங்கின மூட்டையைப் பார்த்தார். பெயர்தான் ஒன்று, அதைத் தொடாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் குதிகால் தோலை பிளேடால் சீவவே கூடாது. என் மாமா சீவினார், உணர்ச்சி குறைந்த காலாக இருந்ததால் ஆழமாக வெட்டியதே அவருக்குத் தெரியவில்லை, புண் ஆற மூன்று மாதமானது.

தண்ணீர் குடித்தால் தோல் பளபளக்கும் என்பதை நான் நம்புவதில்லை. குளிரில் தாகம் எடுக்காமல் குடிக்கவே மறந்துவிடுகிறோம், அதற்காகக் குடியுங்கள், ஆனால் நாலு லிட்டர் குடித்தும் முன்னங்கால் வெளுத்தபடியேதான் இருக்கும், நான் முயற்சி செய்து பார்த்தாயிற்று.

படுக்கையில் ரெண்டு விஷயம். கொசுவுக்குப் பயந்து குளிரிலும் ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பவர்கள் கொசுவலைக்கு மாறினால் காலையில் முகமும் உதடும் காய்ந்திருக்காது. ஸ்வெட்டரும் கம்பளியும் நேராகத் தோலில் படாமல் உள்ளே ஒரு பருத்தி பனியன் அல்லது பழைய வேட்டி.

இதையெல்லாம் ரெண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால் அது வெறும் வறட்சியாக இல்லாமல் இருக்கலாம். ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, விரலிடுக்கிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் சொறி சிரங்காக இருக்கலாம், அதற்கு எண்ணெய் கேட்காது. உடம்பெல்லாம் வறண்டு, சோர்வும் எடை கூடுதலும் சேர்ந்திருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். வட்ட வட்டமாக ஓரம் சிவந்து பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் காட்டிக் கேட்டால் உடனே அரிப்பு அடங்கும் ஒரு ட்யூப் கிடைக்கும், பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும், அரிப்பு அடங்கி உள்ளுக்குள் படை பரவும். எனக்கும் அப்படி ஒன்று தரப்பட்டது, இடுப்பில் ஒரு ரூபாய் அளவு இருந்தது உள்ளங்கை அளவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கித் தோல் டாக்டரைப் பாருங்கள். போகும்போது இதுவரை பூசின எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், “மஞ்சள் கலர் ட்யூப், மூடி பச்சை” என்று நான் சொன்னதை வைத்து டாக்டரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.