பித்த அமிலம் புரதத்தோடு பிணைந்தாலே நஞ்சா? படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தியல், உயிர்வேதியியல் மாணவர்களின் குறிப்புகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும்: ‘பித்த அமிலங்கள் கல்லீரல் புரதங்களோடு பிணைந்து நச்சுத்தன்மையை உண்டாக்குகின்றன.’ முழுப் பொய் இல்லைதான். ஆனால் இதைப் படிக்கிறவர் பிணைப்பு என்றாலே கேடு என்று எடுத்துக்கொள்கிறார். எல்லாத் தவறுக்கும் ஆரம்பம் இதுவே.

கொழுப்பைச் செரிக்க உதவக் கல்லீரல் உண்டாக்குவது பித்த அமிலம். நம் உடலில் அது மொத்தமாகச் சில கிராம். அதுவே குடலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் ஒரே நாளில் பலமுறை சுற்றி வருகிறது. குடலுக்குப் போவதில் சுமார் 95 சதவீதம் திரும்பி வந்துவிடும். இந்தப் பயணம் முழுக்கப் புரதத்துக்குப் புரதம் கைமாறித்தான் நடக்கிறது. இரத்தத்தில் அல்புமின் சுமக்கிறது. கல்லீரல் செல்லின் வாசலில் என்டிசிபி என்ற கடத்திப் புரதம் உள்ளே இழுக்கிறது. உள்ளே கொழுப்பமிலங்களைச் சுமக்கும் புரதமும் இன்னும் சிலவும் பிடித்துக்கொள்கின்றன. மறுபக்கம் பிஎஸ்ஈபி என்ற பம்ப் பித்த நுண்குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. செல்லின் உட்கருவில் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. அது பித்த அமிலத்துக்கான உணர்வி என்பது 1999இல் தெரியவந்தது. அதில் பித்த அமிலம் போய்ச் சேர்ந்தால் புது உற்பத்தி குறையும், பிஎஸ்ஈபி கூடும். இத்தனையும் பிணைப்புகள்தான். இவை ஒழுங்காக நடக்கிறவரை செல்லுக்கு ஆபத்தில்லை. பம்ப் பழுதாகி அமிலம் உள்ளே தேங்கும்போதுதான் சிக்கல். பிறவியிலேயே பிஎஸ்ஈபி வேலை செய்யாத குழந்தைகளுக்குக் கல்லீரல் நோய் முற்றுவது இதனால்தான்.

அடுத்தது, இரண்டு வகைப் பிணைப்பை ஒன்றாகக் குழப்புவது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் ஒட்டி விலகும் பிணைப்புகள். இன்னொன்று சகப்பிணைப்பு, உண்டானால் லேசில் விடாது. கல்லீரல் செல் பித்த அமிலத்தைக் கிளைசின், டாரின் என்ற சிறு மூலக்கூறுகளில் ஒன்றோடு சேர்த்து அனுப்புவது வழக்கம். அதற்கு முதலில் அமிலத்தின் கார்பாக்சில் முனையை, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துத் தூண்ட வேண்டும், பிறகு கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறோடு இணைக்க வேண்டும். இந்த இடைநிலைப் பொருள்கள் வினைபுரியத் துடிப்பவை. கிளைசின் வந்து சேர்வதற்குள் பக்கத்துப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் கிடைத்தால், அதன் அமினோ முனையோடு அமைடு பிணைப்பு விழுந்துவிடலாம். லித்தோகோலிக் அமிலம் என்ற ஒரு பித்த அமிலம் இப்படிக் கல்லீரல் புரதத்தில் மாட்டியிருப்பதை 1970களிலேயே பார்த்தார்கள். திசுவைக் கரைப்பானால் எவ்வளவு கழுவினாலும் ஒரு பங்கு வெளியே வராது. பித்த அமிலத்தின் அமைடு பிணைப்பை வெட்டும் பாக்டீரிய நொதியைச் சேர்த்தால்தான் விடுபடும். ஆகவே ஒரு கட்டுரையில் ‘பிணைந்தது’ என்று வந்தால், கழுவினால் போகுமா போகாதா என்று முதலில் தேடுங்கள். போகாது என்றே வைத்துக்கொண்டாலும், ஒட்டியிருக்கிறது என்பதும் அதுதான் செல்லைக் கொன்றது என்பதும் இரண்டு தனிக் கூற்றுகள். முதலாவதற்கான சான்றைக் காட்டி இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வரும்.

பித்த அமிலம் எல்லாம் ஒன்றே என்று நினைப்பதும் கூடாது. நீரோடு அதிகம் ஒட்டும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. குடல் பாக்டீரியா உண்டாக்கும் லித்தோகோலிக் அமிலமோ நீருக்குப் பிடிகொடுக்காதது, நச்சுத்தன்மையும் அதிகம். இதில் எந்த விலங்கு என்பதும் முக்கியம். பித்தப்பைக் கல்லைக் கரைக்கக் கீனோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற இன்னொரு பித்த அமிலத்தைச் சோதித்த காலத்தில் ரீசஸ் குரங்குகளுக்குக் கல்லீரல் கெட்டது. மனிதர்களுக்குப் பெரும்பாலும் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் லேசாக ஏறியதோடு சரி. கீனோடியாக்ஸிகோலிக் அமிலத்திலிருந்து குடலில் உண்டாகும் லித்தோகோலிக் அமிலத்தோடு மனிதக் கல்லீரல் சல்பேட்டைச் சேர்த்து வெளியேற்றிவிடும். அந்தக் குரங்குகளுக்கு அந்தத் திறன் குறைவு. எலிகளின் கதை வேறு. அவை கீனோடியாக்ஸிகோலிக் அமிலத்தை மியூரிகோலிக் அமிலமாக மாற்றிச் சாதுவாக்கிவிடுகின்றன. எலியில் பார்த்ததை அப்படியே நம் கல்லீரலுக்குப் பொருத்த முடியாது.

‘பித்த அமிலம் சோப்பு மாதிரி செல் சவ்வைக் கரைக்கிறது’ என்ற பழைய விளக்கத்தையும் கவனமாகக் கையாளுங்கள். பித்தக் குழாயில் மில்லிமோலர் அளவில் இருப்பதால் அங்கே அது பொருந்தும். அங்கேகூடப் பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்புப் பொருள் சேர்ந்துகொண்டு அதன் கடுமையைக் குறைக்கிறது. செல்லுக்குள் இருப்பது அதைவிட மிகக் குறைந்த அளவு. அங்கே மைட்டோகாண்ட்ரியா பாதிப்பு, அழற்சி என்ற வழிகளில்தான் தேட வேண்டும்.

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. சீரம் இல்லாத ஊடகத்தில் செல்லை வளர்த்து 200 மைக்ரோமோலர் பித்த அமிலம் விட்டால், அத்தனையும் கட்டற்று அலையும். அதே 200 உடலில் இருந்தால் பெரும்பகுதி அல்புமினின் பிடியில் இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணாக எழுதி ஒப்பிடக் கூடாது. தட்டில் கொஞ்சம் அல்புமின் சேர்த்து இன்னொரு வரிசை ஓட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்புறம், இரத்தப் பரிசோதனை. பித்த அமிலமும் பிலிருபினும் வேறு வேறு. கண் மஞ்சளாவது பிலிருபின் என்ற நிறமியால். மஞ்சள் இல்லை என்பதால் பித்த அமிலம் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். கர்ப்பகாலப் பித்தத் தேக்கத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்போடு பித்த அமிலம் மட்டும் ஏறியிருக்கலாம். அது 100 மைக்ரோமோலரைத் தொட்டால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது, ஆகவே அங்கே அந்த எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது.

ஆனால் இரத்தத்தில் ஏறியதெல்லாம் கல்லீரலைச் சுடும் என்றும் இல்லை. என்டிசிபி பிறவியிலேயே இல்லாத சிலருக்கு இரத்தத்தில் பித்த அமிலம் பல மடங்கு இருக்கிறது. கல்லீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, ஏனென்றால் அமிலம் உள்ளேயே போவதில்லை. ஹெபடைடிஸ் டி நோய்க்கான புலிவிர்டைடு மருந்தும் இதே என்டிசிபி வாசலில் போய் ஒட்டுகிறது, வைரஸ் நுழைவதும் அந்த வழியாகத்தான். மருந்து எடுப்பவர்களுக்குப் பித்த அமிலம் ஏறுவது எதிர்பார்த்த விளைவு.

எஃப்எக்ஸ்ஆரில் இயற்கை அமிலத்தைவிடப் பல மடங்கு வலுவாகப் பிணையும்படி செய்த ஒபெடிகோலிக் அமிலம் என்ற மருந்து நேர்மாறான பாடம். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரல் ஏற்கெனவே நலிந்தவர்களுக்கு அளவு மீறிக் கொடுக்கப்பட்டுப் பாதிப்புகள் வந்ததால், 2018இல் அதன் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை ஏறியது. அர்சோடியாக்ஸிகோலிக் அமிலத்துக்கும் வரம்பு உண்டு. முதன்மைப் பித்தக்குழாய் அழற்சிக்கு எடைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். பித்தக்குழாய் இறுகும் இன்னொரு நோய்க்கு அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரத்தப் பரிசோதனை எண்கள் இறங்கியும் நோயாளிகளின் நிலை மோசமாகியது.