பிரிட்டனில் கேஸ், மின்சாரக் கம்பெனியை மாற்றலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் வீட்டுக்கு வரும் மின்கம்பியையும் கேஸ் குழாயையும் பராமரிப்பது ஒரு தரப்பு. பில் அனுப்புவது இன்னொரு தரப்பு. நீங்கள் மாற்றுவது பில் அனுப்புகிறவரை மட்டும்தான். தெருவைத் தோண்ட யாரும் வரமாட்டார்கள், சப்ளையும் நிற்காது. கேஸ் வாடை அடித்தால் அழைக்கும் 0800 111 999, கரண்ட் போனால் அழைக்கும் 105 இரண்டும் அப்படியே இருக்கும். ஆகவே மாற்றுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. லாபம் உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும். (வட அயர்லாந்தில் சந்தையும் விதிகளும் வேறு.)

முதலில் டைரக்ட் டெபிட் தொகையை (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் பணம்) மறந்துவிடுங்கள். "இப்போது மாதம் 160 பவுண்டு கட்டுகிறீர்கள், எங்களிடம் 135தான்" என்று வாசலில் வந்து நிற்பவர் சொல்வது விலை அல்ல. வருடச் செலவை ஊகித்து 12ஆல் வகுத்த தவணை அது. ஊகத்தைக் குறைத்தால் தவணையும் குறையும். குளிர்காலம் முடிந்ததும் கணக்கில் பாக்கி நிற்கும், தவணை ஏறும்.

அதேபோல், செய்திகளில் வரும் விலை உச்சவரம்பையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2019 ஜனவரியிலிருந்து எரிசக்திச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்ஜெம் இதை நிர்ணயிக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் மாறுகிறது. வரம்பு யூனிட் விலைக்கும் தினசரி ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் (எவ்வளவு எரித்தாலும் மாறாத நாள் கட்டணம்)தானே தவிர, உங்கள் பில்லுக்கு அல்ல. தலைப்புச் செய்தியில் வரும் வருடத் தொகை ஒரு சராசரி வீட்டுக்கானது. அதைவிட அதிகம் எரித்தால் அதைவிட அதிகம் கட்டத்தான் வேண்டும். பிக்ஸட் ஒப்பந்தம் (குறிப்பிட்ட காலத்துக்கு விலையை மாற்றாமல் நிறுத்திவைப்பது) எதிலும் இல்லாதவர்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குட்பட்ட மாறும் கட்டணத்தில்தான் இருப்பார்கள்.

பில்லில் எதைத் தேடுவது

கடந்த 12 மாதத்தில் ஓடிய கிலோவாட்-மணி எவ்வளவு என்று மின்சாரத்துக்கும் கேஸுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். முழு வருடம் வேண்டும். கேஸின் பெரும்பகுதி குளிர்கால ஹீட்டிங்கில் போவதால், கோடைப் பில் ஒன்றை நாலால் பெருக்கினால் கணக்கு கவிழ்ந்துவிடும். ரீடிங் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். மீட்டரை நீங்களே பார்த்து ரீடிங் அனுப்பி, திருத்திய பில் வாங்கிய பிறகு கணக்கைத் தொடங்குங்கள். கூடவே நான்கு விலைகளையும் (இரண்டு யூனிட் விலை, இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜ்), ஒப்பந்தம் முடியும் தேதியையும், இடையில் விலகினால் கட்டவேண்டிய தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேஸில் ஒரு சிக்கல் உண்டு. மின் மீட்டரில் ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட்-மணி. கேஸ் மீட்டரோ கன அளவைத்தான் எண்ணுகிறது. புதிய மீட்டர்கள் கனமீட்டரில் ஓடும்; ஒரு கனமீட்டர் சுமார் 11.2 கிலோவாட்-மணி. (கனமீட்டரை 1.02264ஆல் பெருக்கி, பில்லில் போட்டிருக்கும் கலோரி மதிப்பால், அதாவது ஏறக்குறைய 39-40ஆல் பெருக்கி, 3.6ஆல் வகுப்பது முறை.) பழைய மீட்டர்கள் நூறு கனஅடி கணக்கு, அதில் ஒரு யூனிட் 2.83 கனமீட்டர், அதாவது சுமார் 32 கிலோவாட்-மணி. கம்பெனியின் பதிவேட்டில் மீட்டர் வகை மாறிப் பதிவாகியிருந்தால் பில் ஏறக்குறைய மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ வரும். மீட்டரின் முகப்பில் கனமீட்டர் குறியா கனஅடிக் குறியா என்று பார்த்து, பில்லோடு பொருத்திப் பாருங்கள். இந்தத் தவறு இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். கம்பெனி மாற்றினால் அது போகாது.

கணக்கு

கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அவை பகுதிக்குப் பகுதி மாறும், பில் வந்தபின் கட்டுவதைவிட டைரக்ட் டெபிட்டுக்குக் குறைவாகவும் இருக்கும்.

ஒரு குடும்பம் வருடத்துக்கு 3,100 யூனிட் மின்சாரமும் 10,400 கிலோவாட்-மணி கேஸும் எரிக்கிறது. இப்போது மின்சாரம் யூனிட் 26 பென்ஸ், நாளுக்கு 55 பென்ஸ், கேஸ் 6.2 பென்ஸ், நாளுக்கு 32 பென்ஸ்.

வருடச் செலவு பவுண்டில் (யூனிட் செலவு + 365 நாள் கட்டணம்): மின்சாரம் 806 + 200.75, கேஸ் 644.80 + 116.80. மொத்தம் 1,768.35 பவுண்டு.

புதிய பிக்ஸட் ஒப்பந்தம்: மின்சாரம் 24.5 பென்ஸ், நாளுக்கு 58, கேஸ் 5.9, நாளுக்கு 34. மின்சாரம் 759.50 + 211.70, கேஸ் 613.60 + 124.10. மொத்தம் 1,708.90. மிச்சம் 59.45 பவுண்டு.

இப்போதைய ஒப்பந்தத்திலிருந்து விலக கேஸுக்கு 50, மின்சாரத்துக்கு 50 என்றால் இந்த மாற்றம் நஷ்டம். அதே விலைகளை 1,200 யூனிட்டும் 3,000 கிலோவாட்-மணியும் எரிக்கும் சிறு பிளாட்டுக்குப் போட்டால் வருட மிச்சம் 8.75 பவுண்டுதான், யூனிட் விலையில் குறைந்ததை ஸ்டாண்டிங் சார்ஜ் தின்றுவிடுகிறது. லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விளக்கே எரியாவிட்டாலும் நாள் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

விலகல் கட்டணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பிக்ஸட் ஒப்பந்தம் முடிய 49 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அதை வசூலிக்கக் கூடாது. நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவைப்பதுதான் எங்கள் கணக்கில் மிகப் பெரிய மிச்சம். எதுவும் செய்யாமல் விட்டால் கணக்கு மாறும் கட்டணத்துக்குத் தானாகப் போய்விடும்.

பிக்ஸட் எடுப்பதா வேண்டாமா என்பது வேறு விஷயம். வருடம் முழுதும் இன்றைய உச்சவரம்பே நீடிக்கும் என்று நினைத்து ஒப்பிடுகிறோம், ஆனால் அது இறங்கவும் செய்யும். கையை இறுக்கிப் பிடித்துச் செலவு செய்யும் வீட்டில் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது விலையை நிறுத்திவைப்பது நல்லது. மற்றவர்கள் விலகல் கட்டணம் இல்லாத, அல்லது மிகக் குறைந்த பிக்ஸடைத் தேடுங்கள். விலை இறங்கினால் வெளியே வந்துவிடலாம்.

அவசரப்படக் கூடாதவர்கள்

எகானமி 7 மீட்டர் (இரவில் ஏழு மணி நேரம் மலிவு, பகலில் விலை அதிகம்) இருந்தால் பகல், இரவு யூனிட்டைத் தனித்தனியே எடுத்துக் கணக்கிடுங்கள். 40 சதவீதத்துக்குக் குறைவாக இரவில் ஓடினால் அந்தக் கட்டணமே பெரும்பாலும் உங்களுக்குச் சரிவராது. ப்ரீபெய்ட் மீட்டரில் கடன் இருந்தால், ஒவ்வொரு எரிபொருளுக்கும் 500 பவுண்டு வரை கடனோடு மாறலாம். கடன் புதிய இடத்துக்கு வந்துவிடும். சாதாரண மீட்டரில் பாக்கி 28 நாளைத் தாண்டியிருந்தால் பழைய கம்பெனி மாற்றத்தைத் தடுக்க முடியும். 150 பவுண்டு வார்ம் ஹோம் தள்ளுபடி (வருமானம் குறைந்த வீடுகளுக்கு பில்லில் தரும் சலுகை) பெறுபவர்கள், புதிய கம்பெனி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

வாடகை வீட்டில் பில் உங்கள் பெயரில் வந்தால் மாற்றும் உரிமை உங்களுடையது. வீட்டுக்காரர் தன் பெயரில் வாங்கி உங்களிடம் வசூலித்தால் மாற்ற முடியாது.

மாற்றும்போது

ஒப்பீட்டுத் தளங்கள் பல, கமிஷன் தரும் ஒப்பந்தங்களை மட்டுமே முதலில் காட்டும். எல்லாவற்றையும் காட்டு என்ற தெரிவை அழுத்துங்கள். மாதம் எவ்வளவு பணம் கட்டுகிறீர்கள் என்று தளம் கேட்டால், அதற்குப் பதில் வருடக் கிலோவாட்-மணியைக் கொடுங்கள். 2021, 2022இல் இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூடியபோதும் வீடுகளில் சப்ளை நிற்கவில்லை, கணக்கில் இருந்த பணத்துக்கும் பாதுகாப்பு இருந்தது. ஆனால் மலிவு விலை ஒப்பந்தம் போய்விட்டது.

அடுக்குமாடியில் இருந்தால், மீட்டரில் பொறித்த வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு மீட்டரை மாற்றிவிடும் குளறுபடி பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் 14 நாள் அவகாசம் உண்டு. மாற்றம் பொதுவாக ஐந்து வேலை நாளில் முடியும்.

பழைய கம்பெனியின் டைரக்ட் டெபிட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள்; கடைசிப் பில் அதன் வழியாகத்தான் தீரும். மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து, புதிய கம்பெனிக்கு ரீடிங் கொடுங்கள். ரீடிங்கைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும் எடுங்கள், மாற்றத்தின்போது அது சில நாள் ரீடிங் அனுப்பாமல் போவதுண்டு. பழைய கம்பெனியின் இறுதிப் பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். அதில் உள்ள முடிவு ரீடிங்கும் புதிய கம்பெனியின் தொடக்க ரீடிங்கும் ஒன்றாக இல்லையென்றால் இடைப்பட்ட யூனிட்டுக்கு இரண்டு முறை கட்ட நேரும். போட்டோவை இருவருக்கும் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு வரவேண்டிய பணம் இருந்தால், இறுதிப் பில்லிலிருந்து 10 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்; தாமதமானால் அதற்கு இழப்பீடும் உண்டு.