விடிந்தால் விமானம்: வெளிநாட்டில் கடைசி முழு நாளை இருவரும் எப்படிக் கழிக்கலாம்

முதலில் டிக்கெட்டை எடுத்து, இன்றைக்குத்தான் கடைசி முழு நாளா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். விமானம் 15ஆம் தேதி 00.40க்கு என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை நாளெல்லாம் சுற்றிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்த பிறகுதான், "ஏம்மா, இது இன்னைக்கு ராத்திரிதானே?" என்று இவர் கேட்டார், அப்புறம் துணியை மடித்தெல்லாம் வைக்கவில்லை, அள்ளித் திணித்தோம். ஐரோப்பாவில் இருந்தால் இன்னொன்றும் உண்டு: மார்ச், அக்டோபர் இரண்டிலும் கடைசி ஞாயிறு விடியற்காலையில் கடிகாரத்தை மாற்றுவார்கள். போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது.

தேதி சரி என்றால், பார்க்காமல் விட்ட இடங்களின் பட்டியலுக்கு வாருங்கள். எப்படியும் ஏழெட்டு மிச்சம் இருக்கும். அதை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மத்தியானத்துக்குள் கால் வலி, சாயங்காலத்துக்குள் சண்டை. ஆளுக்கு ஒரே ஒரு இடம் சொல்லுங்கள், மற்றவர் அதற்கு மறுபேச்சு பேசக்கூடாது, மிச்சத்தை அடித்துவிடுங்கள். சொன்ன இடம் அன்று திறந்திருக்கிறதா என்பதை முந்தின ராத்திரியே பார்த்துவிட வேண்டும். பாரிஸ் அருங்காட்சியகங்களில் லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஆர்சேக்குத் திங்கள் விடுமுறை, வாட்டிகன் அருங்காட்சியகம் பெரும்பாலான ஞாயிறுகளில் கிடையாது. இரண்டு பேருடைய ஆசையும் ஒத்தே வரவில்லையா, இரண்டு மணி நேரம் தனித்தனியாகப் போய் வாருங்கள். நாலு நாள் ஒரே அறையில் இருந்த பிறகு அது ஒன்றும் குற்றமில்லை, திரும்பி வந்து பேசுவதற்கும் ஏதாவது இருக்கும்.

பெட்டியைக் காலையிலேயே கட்டுங்கள், ராத்திரிக்கு வைக்காதீர்கள். காலையில் கட்டினால்தான் இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்று தெரியும். ஹோட்டலில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு வெறுமனே ஏறுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்டியின் எடை. ஆளுக்கு 23 கிலோ என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து 46 என்று கணக்குப் போட்டு ஒரே பெட்டியில் 30 கிலோவை அடைக்காதீர்கள். பல விமான நிறுவனங்கள் ஒவ்வொரு பெட்டியையும் தனியாகத்தான் பார்க்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். ஜாம், தேன், வாசனைத் திரவியம் எல்லாம் பெரும்பாலான விமான நிலையங்களில் திரவக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஆசையாக வாங்கிய தேன் பாட்டிலைச் சோதனை மேஜையில் விட்டுவிட்டு வருவது மாதிரி எரிச்சல் வேறில்லை. வெப் செக்கின், அதாவது இணையத்திலேயே பயணத்தை உறுதிசெய்து இருக்கை எடுப்பது, அநேகமாக விமானத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது திறந்திருக்கும், டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். விட்டால் ஒருவர் முன்வரிசையில், ஒருவர் கழிப்பறைப் பக்கம்.

பெரிய தொகைக்கு ஏதாவது வாங்கி வரி திரும்பப் பெறும் படிவமும் கடையில் வாங்கியிருந்தால், அந்தப் பொருளைப் பெட்டியின் மேலாகவே வையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். பெட்டி பெல்ட்டில் போன பிறகு எதைக் காட்டுவது? அதனால் முதலில் சுங்கம், அப்புறம்தான் பெட்டியை ஒப்படைப்பது, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

சில்லறையை இன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நாணயத்தைப் பணம் மாற்றும் இடங்களில் பொதுவாக வாங்க மாட்டார்கள். நான் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எண்ணிவிடுவேன், கடைசிக் காபிக்கும் பஸ்ஸுக்கும் போக மிச்சத்தை ஹோட்டல் பில்லில் கொஞ்சம் குறைக்கக் கொடுத்துவிடலாம், கவுன்டரில் இருப்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கார்டு தேய்க்கும்போது உள்ளூர்ப் பணமா உங்கள் நாட்டுப் பணமா என்று மெஷின் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

சாயங்காலம் புது இடம் வேண்டாம். முதல் நாள் வழி தெரியாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு, போனை முறைத்தபடி கடந்து போனீர்களே ஒரு தெரு, ஒரு பாலம், அங்கேயே போங்கள். அன்றைக்கு ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள். சூரியன் மறைய அரை மணி முன்பே போய் உட்கார இடம் பிடியுங்கள், மறைந்த உடனே எழுந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு வரும் இருபது நிமிட நீல வெளிச்சத்தில்தான் விளக்குகளும் வானமும் சேர்ந்து தெரியும். போட்டோ ஒன்றிரண்டு போதும், யாரிடமாவது கொடுத்து இரண்டு பேரும் இருக்கும்படி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் போனில் பாதிப் படத்தில் நான் இல்லை, மீதியில் இவர் இல்லை. திரும்புவதற்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கிளம்பும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன் பாஸ்போர்ட் இரண்டையும் ஒரே பையில் வைத்து, அந்தப் பை யார் கையில் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அறையைப் பூட்டும் முன் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், ப்ளக்கில் அடாப்டர் மாட்டியபடியே இருக்கும்.