பரணிலிருந்து இறங்கிய நெகட்டிவ்கள்: வீட்டில் ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு என்னுடையதுதான். அதைச் சொல்லிவிட்டே மற்றவற்றுக்குப் போகிறேன். பெரியப்பா ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் மண்டபம் ஊரில் சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் போன பிறகு பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டின்னில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் பட்டர் பேப்பர் உறைகளுக்குள் இருந்தன. ஒரு கல்யாணப் படத்தின் மேல் சிலந்தி நூல் பின்னியதுபோலப் பூஞ்சை. ஃபிலிமைக் கழுவுவதே தண்ணீரில்தானே என்று தைரியமாகக் கிண்ணத்தில் போட்டுக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தேன். கஞ்சியின் ஆடைபோல ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மாப்பிள்ளை இருக்கிறார், மாலை இருக்கிறது. பெண்ணின் முகம் இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக்.

நெகட்டிவில் படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் பூச்சு. வெள்ளித் துகள்கள் அதற்குள்தான் இருக்கின்றன. பூஞ்சைக்கு ஜெலட்டின் நல்ல சாப்பாடு. அது தின்றுவிட்ட இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறிவிடுகிறது. புது ஃபிலிம் தாங்கும் குளியலைப் பூஞ்சை பிடித்த ஃபிலிம் தாங்காது. ஆகவே தண்ணீர் கூடாது, ஈரத்துணி கூடாது. மிக மென்மையான, உலர்ந்த தூரிகையால் மேலாகத் தட்டிவிடுங்கள். பளபளப்பான பின்பக்கத்தில் அழுக்கு ஒட்டியிருந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் தொட்டு ஒற்றலாம். கையில் தடவும் சானிட்டைசரும் மருந்துக்கடையின் சாதாரண ஸ்பிரிட்டும் வேண்டாம். அவற்றில் தண்ணீர் கலந்திருக்கும். மங்கலான படப்பக்கத்துப் பூஞ்சையை அப்படியே விட்டு ஸ்கேன் செய்து, கறையைக் கணினியில் நீக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு வாழ்கிறோம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இங்கே உப்பு ஜாடியே அதைச் சொல்லிவிடும். வாடைக்காற்றோடு மழை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் திறந்து பரப்பாதீர்கள். பலர் செய்யும் இன்னொரு தவறு, ஏசி அறையில் வைத்திருந்த நெகட்டிவை நேராகத் திண்ணைக்கு எடுத்து வருவது. குளிர்ந்த ஃபிலிமின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பூக்கும். மூடிய உறையிலேயே ஒரு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள். பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொண்ட நெகட்டிவை இழுத்துப் பிரிக்கவே கூடாது. பேப்பர் வரும், கூடவே படமும் வரும்.

எதிலிருந்து தொடங்குவது? எல்லோரும் நல்ல படங்களை முதலில் எடுக்கிறார்கள். நான் மூக்கை நம்பச் சொல்வேன். உறையைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்காலான அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அடிப்படலம் சுருங்கும், படப்பூச்சு சுருங்காது. கடைசியில் பலாச்சுளைத் தோல்போலச் சுருக்கம் விழும். அந்த அமில ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல ஃபிலிம்களையும் கெடுக்கும். நெடி அடிப்பவற்றைத் தனியே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 1950-க்கு முந்தையது என்று சந்தேகம் வந்து, ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல்லும் இல்லையென்றால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் விளையாட்டெல்லாம் வேண்டாம். சூடான பரணிலும் வைக்க வேண்டாம்.

இனி இயந்திரம். ஆதார் அட்டை நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கரும்பட்டைதான் வரும். மூடியிலும் விளக்கு உள்ள, ஃபிலிமுக்கான ஸ்கேனர் வேண்டும்.

வாங்கியவர்கள் அடுத்து விழும் குழி, தூசியைத் தானாக நீக்கும் வசதி. டிஜிட்டல் ஐஸ் என்ற பெயரில் வருவது அதுதான். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எங்கே அது தடைபடுகிறதோ அங்கே தூசி என்று முடிவு செய்கிறது. வண்ண ஃபிலிமில் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மட்டும் மறிக்கும், கணக்குச் சரி. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளி. வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும். ஆக, படத்தையே தூசி என்று எண்ணி அழிக்கப் பார்க்கிறது. நெகட்டிவில் மிக அடர்த்தியாக இருப்பது வெண்மையான பொருட்கள். நம் ஊர்ப் படங்களில் அவை எவை? வேட்டி, மணல், வானம். நான் அந்தப் பொத்தானை அழுத்தி எடுத்த தங்கச்சிமடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, “இவர்கள் எல்லாரும் மெழுகில் செய்தவர்களா?” என்று கேட்டார் மதினி. வேட்டியின் மடிப்பு ஒன்றுகூட இல்லை. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போல வண்ண ஃபிலிமின் ரசாயனத்தில் கழுவும் சில கறுப்பு வெள்ளை ஃபிலிம்களுக்கு மட்டும் இது பலிக்கும். பழைய டின்களில் அவை கிடைப்பது அபூர்வம்.

தூசிக்குக் கைவைத்தியம்தான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தெறித்து நிரந்தரக் கறையாகும். ரப்பர் குமிழ் ஊதியை வாங்கிக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் மாதங்களில் கடலோர வீட்டில் பகலில் இந்த வேலையே வேண்டாம்; விடியற்காலையில் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

ஸ்கேனர் பெட்டியில் அங்குலத்துக்கு 6400 புள்ளிகள் என்று அச்சடித்திருக்கிறதே என்று அதிலேயே ஓட்டுவது அடுத்த தவறு. வீட்டுத் தட்டை ஸ்கேனர்களின் லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூட இல்லை. 35 மில்லிமீட்டர் ஃபிலிமை அங்குலத்துக்கு 2400 புள்ளிகளில் எடுத்தால் ஏறக்குறைய 3400-க்கு 2270 புள்ளிகள் வரும். பதினொரு அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். ஆக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்த 120 என்ற அகல ரக ஃபிலிமின் சதுர நெகட்டிவுக்கு அதே அளவில் 2.8 கோடி புள்ளிகள் கிடைக்கும். அதற்கு மேல் போனால் கோப்புதான் வீங்கும், முகம் தெளியாது.

மாறாக, கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் 8 பிட்டில் பதிந்தால் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள். 16 பிட்டில் 65,536. மங்கிப்போன நெகட்டிவைப் பிறகு இழுத்துச் சரிசெய்யும்போது 256 படி போதாமல் வானத்தில் வரிவரியாகத் தெரியும். 16 பிட், டிஃப் (TIFF) கோப்பு, இதுதான் மூலப்பிரதி. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக்கைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். வெளிச்ச அளவைத் தானியங்கியிடம் விடாமல், ஸ்கேன் மென்பொருள் காட்டும் வெளிச்ச வரைபடத்தின் (ஹிஸ்டோகிராம்) இரு முனையிலும் சற்று இடைவெளி விட்டு எடுங்கள். படம் சப்பென்று இருக்கும். இருக்கட்டும், பளிச்சென்று ஆக்குவது பிறகு செய்யும் வேலை.

பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவதுபோல வளையங்கள் விழும். தாங்கிச் சட்டத்தில் வைத்தால் தீரும். இடவலம் மாறினால் கடைப்பெயர்ப் பலகை காட்டிக்கொடுக்கும். பலகை இல்லாத படத்தில் முந்தானையைப் பாருங்கள். எல்லாப் பெண்களுக்கும் வலது தோளில் கிடந்தால் ஃபிலிமைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். ஸ்கேனருக்குப் பதிலாகக் கேமராவால் எடுப்பவர்கள், ஒளிக்காக டேப்லெட் திரையின் மேல் நெகட்டிவை அப்படியே படுக்கவைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து பதியும். சில சென்டிமீட்டர் உயர்த்துங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைக் குப்பையில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிவிசி உறையைத் தவிர்த்து, பாலிபுரொப்பலீன் உறையில் போட்டு வைத்தால் நாளை இன்னும் நல்ல கருவி வரும்போது மறுபடி எடுக்கலாம். கோப்புகளை எண்களோடு விட்டுவிடுவதும் அதே அளவு இழப்புதான். காலத்தைக் கணிக்க இங்கே நமக்குச் சில வசதிகள் உண்டு. தனுஷ்கோடி நிலையத்தில் ரயில் நிற்கிறதென்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய படம். பாம்பனில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் சாலைப் பாலம் இல்லையென்றால் அது திறக்கப்பட்ட 1988-க்கு முந்தையது. ஃபிலிமின் ஓரத்தில் 'இந்து' (INDU) என்றிருந்தால் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஊட்டித் தொழிற்சாலைச் சரக்கு. அந்த நிறுவனம் தொடங்கியதே 1960-இல்தான்.

பழைய உறையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான் கழுவிக் கெடுத்த கல்யாண நெகட்டிவின் உறையில் பெரியப்பாவின் பென்சில் எழுத்து அழியாமல் இருக்கிறது: “தங்கச்சிமடம். 3 காப்பி. பாக்கி ரூ. 4.”