குமரி மாவட்டத்தில் தனியாக, பையப் பையப் பயணம் செய்வது எப்படி?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரவில் வந்திறங்கி, விடியலில் சூரியோதயம் பார்த்து, படகேறி விவேகானந்தர் மண்டபத்தையும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும் வணங்கிவிட்டு, அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தில் குறை ஒன்றும் இல்லை; ஆனால், இந்த மாவட்டத்துக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து பேச அதில் இடமில்லை. தனியாக வந்து, பத்துப் பதினைந்து நாள் தங்கி, இங்குள்ளவர்களோடு பழக விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் கண்டுகொண்ட வழி மிக எளியது. புதிய இடங்களைத் தேடி ஓடாமல், ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

தங்குமிடத்தைக் கடல்முனையில் வைத்துக்கொள்ளாமல் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தக்கலைதான் பிடிக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். குளச்சல், திருவட்டாறு, குலசேகரம், மார்த்தாண்டம் என எத்திசைக்கும் பேருந்து உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல் நிலையம் பக்கம். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்குவதால், ரப்பர் தோட்டம், வாழைத்தோப்பு, நெல்வயல், கடற்கரை ஆகியவற்றில் எதையும் காலையில் புறப்பட்டுப் பார்த்துவிட்டு இரவு அறைக்குத் திரும்பிவிட முடியும். வாடகை வண்டி வேண்டாம். டவுன் பஸ்ஸில் ஒரே வழித்தடத்தில் நான்கு நாள் போனால் நடத்துநருக்கு உங்கள் முகம் பழகிவிடும். கூட்டத்தில் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டால், பெரும்பாலும் அங்கேயே முதல் பேச்சு தொடங்கிவிடும்.

அடுத்தது சாயாக்கடை. இந்த மாவட்டத்தில், குறிப்பாக மேற்குப் பகுதியில், தேநீருக்குச் சாயா என்றுதான் பெயர். விடுதிக்கு அருகில், உள்ளூர்க்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிக்கும் கடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காலை ஆறரை மணியானால் தினமும் ஆறரை மணிக்கே போங்கள். முதல் நாள் சாயாவைக் குடித்துவிட்டு, கைப்பேசியை எடுக்காமல் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். இரண்டாம் நாள் கடைக்காரரிடம் ரசவடை எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கேளுங்கள், அந்த நேரத்துக்கு மறுபடியும் வாருங்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பெஞ்சில் இருக்கும் பெரியவர் ஒருவர் உங்களிடம் எந்த ஊர் என்று கேட்பார். அதற்கு முன் நீங்களாகப் போய் அறிமுகம் செய்துகொள்வதைவிட, அவர் கேட்கும்வரை காத்திருப்பது நல்லது. கேட்பவர் அவராக இருந்தால், உங்களை அழைத்துப் போய் நான்கு பேரிடம் அறிமுகப்படுத்தும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொள்வார்.

ஊர் கேட்டபின் வேலை, குடும்பம், கல்யாணம், பிறகு தனியாக ஏன் வந்தீர்கள் என்ற கேள்விகள் வரும். இவற்றைத் துருவலாக நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். தனியாகச் சுற்றுவது இங்கே வழக்கமில்லாததால், யாரேனும் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார்களோ என்ற கவலையும் அந்தக் கேள்வியில் இருக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது திரும்புவேன் என்று நேராகச் சொல்லிவிட்டால் அந்தக் கவலை தீரும். சாதியையோ மதத்தையோ தொட்டுக் கேட்பவர்களும் உண்டு. பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, அவருடைய வேலையைப் பற்றி ஏதேனும் கேளுங்கள். வேலையைப் பற்றிய கேள்விக்கு மனம் திறக்காத மனிதரை நான் இங்கே பார்த்ததில்லை.

பேச்சு மொழியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ‘எனக்க வீடு’, ‘அவனுக்க வண்டி’ என்பார்கள்; மெதுவாக என்பதற்குப் ‘பைய’ என்பார்கள். இதைக் கேட்டு, மலையாளம் மாதிரி இருக்கிறதே என்று சிரித்துவிடாதீர்கள். திருவிதாங்கூரோடு இருந்த இந்தப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்க, இந்த ஊர்த் தலைவர் மார்ஷல் நேசமணி தலைமையில் பெரும் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பிறகே 1956 நவம்பர் 1 அன்று இணைப்பு நிகழ்ந்தது. தமிழர் என்பதற்காக உயிரைக் கொடுத்த ஊரில், உங்கள் பேச்சு தமிழா என்று கேட்பது எவ்வளவு வலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களைப் போலப் பேச முயல்வதும் வேண்டாம், கேலி செய்வதாகத் தோன்றும். உங்கள் ஊர்த் தமிழில் பேசுங்கள். கடைக்காரரை அண்ணாச்சி என்றோ அண்ணன் என்றோ, பெண்களை வயதுக்கேற்ப அக்கா, அம்மா என்றோ அழைத்தால் போதும்.

யாருடன் எப்போது பேசலாம் என்பதை அவர்களுடைய வேலை நேரமே முடிவு செய்கிறது. தோவாளைப் பூச்சந்தை விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். அந்த நேரத்தில் எடை போடுகிறவரிடம் பேச்சுக் கொடுப்பது இடைஞ்சல். சந்தை ஓய்ந்தபின் போனால், அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மணி பதித்ததுபோல் கட்டும் மாணிக்கமாலையைப் பற்றி, பெருமையோடு நேரம் ஒதுக்கிச் சொல்லித் தருவார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவர்கள் அதிகாலையிலேயே மரங்களுக்கிடையில் இறங்கிவிடுவதால், மதியத்துக்குப் பிறகுதான் ஓய்வாக இருப்பார்கள்.

கடற்கரை ஊர்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். முதன்முறை ஒரு கடற்கரைக்குப் போனபோது, ஏலம் நடக்கும் இடத்தில் கேட்காமல் படம் எடுத்தேன். மீன்கூடையோடு இருந்த ஒரு பெண்மணி எதுவும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து கைப்பேசியை அறையில் வைத்துவிட்டுப் போனேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டுச் சாளை என்ன விலை என்று சொன்னார். சாளை, அயிலை, நெத்தோலி, நெய்மீன் என்று மீன்களை அந்த ஊர்ப் பெயரால் கேட்டுத் தெரிந்துகொள்வதே அங்கே நல்ல தொடக்கம். மணலில் விரித்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள். கரையில் நின்றே கயிறு கட்டி இழுக்கும் பெரிய வலையான கரமடியை இழுக்கும்போது கயிற்றின் குறுக்கே போகாதீர்கள். இழுக்கக் கூப்பிட்டால் மட்டும் கை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால், தேவாலயப் பூசை முடிந்த பிற்பகல் பேச ஏற்ற நேரம். மேற்குக் கரையின் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை மாதங்கள் தடைக்காலம். அந்நாட்களில் ஓய்வு இருக்கும், ஆனால் கையில் பணம் இருக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் கணவனையும் மகனையும் இழந்த வீடுகள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் பல உண்டு. அதை நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்கள் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் கரையில் இருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காற்றும் மழையும் இல்லாமலே திடீரென எழும் கள்ளக்கடல் இந்தக் கரையில் உயிர்களை வாங்கியிருக்கிறது.

வழிபாட்டு இடங்களில் ஊர் முறைக்குக் கட்டுப்படுங்கள். சுசீந்திரம் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அய்யாவழியினரின் தலைமைப்பதியான சாமித்தோப்பில் ஆண்கள் சட்டையின்றித் தலைப்பாகை கட்டிக்கொள்ள வேண்டும். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் இங்கே இருக்க முடிந்தால், முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு கையில் விசிறியோடு ஓடுகிறவர்களுடன் சிறிது தூரமாவது நடங்கள். வழிநெடுக மோரும் சுக்குநீரும் கொடுக்கிறவர்கள் உங்களிடம் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் கையில் குவளையைத் தருவார்கள்.

தனியாக வரும் பெண்கள், பூக்கட்டும் பெண்களுடனோ முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களுடனோ முதலில் பழகுவது நல்லது. அந்த நட்பு ஊருக்குள் ஒரு காவலாகவும் அமையும். வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால், முதல் அழைப்பை நன்றியோடு தள்ளிப்போட்டு, மறுபடி அழைத்தால் போங்கள். இருட்டும் முன் அறைக்குத் திரும்பும்படி, பகல் சாப்பாட்டுக்கே ஒத்துக்கொள்ளுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும். போகும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் வைத்தால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப் பணம் நீட்டிவிடாதீர்கள்.

அனுமதி பெற்று எடுத்த படங்களை, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே நாகர்கோவிலில் அச்சிட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் அவர்கள் ஊர்க் கோயில் கொடை விழா அல்லது தேவாலயத் திருவிழா எந்த மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வர இயலாது என்று தெரிந்தால் வருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். அந்த நாளில் தொலைபேசியில் அழைத்து, பந்தல் போட்டாயிற்றா என்று விசாரித்தாலே, அடுத்த முறை பேருந்திலிருந்து இறங்கும்போது உங்களுக்காக ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.